காலித் தறிகளின் கறவை

கினுயோவின் மாட்டுத் தொழுவத்தில் ஏழாவது கட்டுத்தறி காலியாக இருந்தது. ஆனாலும் அது நாளுக்கு முப்பத்தோரு லிட்டர் பால் கொடுத்தது.

தெரியவந்தது கைப்பழக்கத்தால்தான். அந்தத் தறியில் ஒன்பது வருடம் நின்ற ஹமானசு என்ற மாடு காலொடிந்து, அடிமாட்டு லாரியில் ஏற்றி அனுப்பப்பட்ட மறுநாள் விடியற்காலை, கினுயோ வழக்கம்போல "ஹமானசு, கொஞ்சம் நகரு" என்று சொல்லிக் குனிந்து, கறவை இயந்திரத்தின் நான்கு குவளைகளையும் மாடு இல்லாத இடத்தில் மாட்டிவிட்டாள். குவளைகள் விழவில்லை. காற்றைக் கவ்விக்கொண்டு தொங்கின. கண்ணாடிக் குழாயில் வெள்ளை ஓடியது. பால் சங்கத்துப் பரிசோதனையில் கொழுப்பு நாலு சதவீதம், குறை ஒன்றுமில்லை.

ஹொக்கைதோவின் கிழக்கு மேட்டில் எல்லோரும் மாடுகளோடு சேர்ந்து கடனில் மூழ்கிக்கொண்டிருந்த வருடம் அது. கப்பலில் வரும் மக்காச்சோளத்தின் விலை ஏறியது, பால் விலை ஏறவில்லை. கறக்கக் கறக்க நஷ்டம். பக்கத்துப் பண்ணைகள் இரண்டை மூடியாகிவிட்டது, அடுத்தது இவர்களுடையது என்று ஊர் பேசிக்கொண்டது. சங்கத்திலிருந்து ஆலோசனை சொல்ல வரும் ஹிராகா ஏழாவது தறியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அது தின்பதில்லை, சாணி போடுவதில்லை, அதற்கு வைத்தியரும் வேண்டாம்.

"இருபது வருஷமா இந்த மேட்டுல சுத்துறேன் கினுயோ-சான். நான் பாத்ததுலயே நல்ல மாடு இதுதான்."

"மாடே இல்லையே, ஹிராகா-சான்."

"அதத்தான் சொல்றேன்."

கினுயோவின் கணவன் தொகுஜி அடுத்த வாரமே இன்னொரு மாட்டை அனுப்பினான். கினுயோ அதன் பெயரைச் சொல்லிக் குவளையை மாட்டினாள். அந்தத் தறியும் கறந்தது. மூன்று வருடத்தில் மேலும் முப்பத்தேழு மாடுகள் போயின, பாலில் ஒரு சொட்டும் குறையவில்லை. இலையுதிர் காலத்தில் ஊரார் கால்நடை நினைவுக்கல்லுக்கு முன் கூடி, போன மாடுகளுக்காகக் கும்பிட்டபோது, இன்னும் கறந்துகொண்டிருப்பவற்றுக்குக் கும்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் தொகுஜி பாதி கூப்பிய கையோடு நின்றான்.

பண்ணை பிழைத்தது. கினுயோவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அசைபோடும் சத்தமில்லாத தொழுவத்தில் காரணமில்லாமல் நடந்தாள். கறக்கும்போது நெற்றியை முட்டுக்கொடுக்க விலா எதுவும் இல்லாததால் கழுத்து வலித்தது. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நின்றாள். மிஞ்சியிருந்தது சுசு மட்டும். பதினான்கு வயதுக் கிழம், ஒன்பது லிட்டர் கொடுத்துவிட்டு மூன்று மாட்டுத் தீவனம் தின்னும். ஜனவரியில் அதற்கும் லாரி சொல்லியாகிவிட்டது. முடி அடர்ந்து வளர்ந்திருந்த அதன் கழுத்தைக் கினுயோ நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தாள்.

லாரி வரும் காலை குளிர் உறைநிலைக்கு இருபத்தாறு டிகிரி கீழே போனது. நாற்பது மாடுகளின் உடம்புச் சூட்டில் நின்ற தொழுவம் அது. இப்போது பால் குழாய் வெடித்து, குவளைகள் காற்றோடு உறைந்து தொங்கின. சுசுவின் இரண்டு பக்கத்துத் தறிகளில் மட்டும் பால் ஓடியது. எண்ணெய் அடுப்பு வைத்தால் மாதத்துக்கு எத்தனை பீப்பாய் என்று தொகுஜி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோதே லாரி வந்து நின்றது. கினுயோ வாசலின் குறுக்கே நின்றாள்.

"திரும்பிப் போப்பா. இது மாடு இல்ல, அடுப்பு."

ஓட்டுநர் தொகுஜியைப் பார்த்தான். தொகுஜி வெடித்த குழாயைப் பார்த்தான்.

"புல்லுல எரியுற அடுப்பு," என்றான் தொகுஜி.

வசந்தத்தில் ஒன்பது கிடாரிகள் வந்தன. நான்கு தறிக்கு ஒன்றாகக் கட்டப்பட்டன. ஹிராகா படிவத்தில் வேறு இடம் கிடைக்காமல் சுசுவோடு சேர்த்துப் பத்தையும் "சூடேற்றும் சாதனங்கள்" என்ற வரியில் எழுதினார். இப்போது அந்த மேட்டில் பண்ணை விலை பேசுகிறவர்கள் எத்தனை தறி நிறைவு, எத்தனை தறி காலி என்று இரண்டையும் கேட்கிறார்கள். கினுயோ தினமும் விடியற்காலை ஏழாவது தறியிலிருந்தே தொடங்குகிறாள். "ஹமானசு, கொஞ்சம் நகரு" என்கிறாள். தரையில் வைக்கோல் ஒரு சாண் விலகுகிறது, அவள் குனிகிறாள்.