நந்தினி சொன்ன பார்க்கு

தேவகி தனியாக ரயில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் வண்ணாரப்பேட்டை. "செத்துப்போன பொண்ணு வேல செஞ்ச எடத்துல போய் இன்னாத்த பாக்கப்போற?" என்று கேட்டார் புருஷன் நீலமேகம். அவள் மீன் குழம்பும் சோறுமாக டப்பாவைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மகள் நந்தினி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். போன மாதம் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குப்பத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவள் இருந்த தெருவை தேவகி பார்த்ததே இல்லை.

ஆனால் வழி தெரியும். தினமும் காலையில் ஹாஸ்டலிலிருந்து கடைக்கு நடக்கும்போது நந்தினி போன் போடுவாள். "இப்ப புள்ளையார் கோயிலாண்ட வந்துட்டம்மா. இப்ப பாத்திரக் கடை. யப்பா, இன்னா கூட்டம்!" ஏரிக்கரையில் இறால் பிரித்துக்கொண்டே தேவகி கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஹாஸ்டலை விசாரித்துக் கண்டுபிடித்து, அதன் வாசலிலிருந்து நடக்கத் தொடங்கினாள். பெரிய கோயில் என்று நினைத்திருந்தாள்; சுவரில் ஒரு மாடம், அதற்குள் முழ உயரப் பிள்ளையார். பாத்திரக் கடையில் குடங்கள் சரம்சரமாகத் தொங்கின. பைக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். பத்து நிமிஷத்தில் கடை வந்துவிட்டது. நந்தினி அரைமணி நேரம் பேசுவாளே! வாசலில் நின்று பேசியிருக்கிறாள்.

மதியத்தில் பக்கத்துப் பார்க்கில், மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவதாகச் சொல்வாள். அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றுதான் தேவகி வந்தது. பூக்காரியிடம் கேட்டாள்.

"பார்க்கா? இங்க ஏதும்மா பார்க்கு?"

கடை வாசலில் தயங்கி நின்றவளைப் பார்த்து, சீருடைப் புடவையில் ஒரு பெண் ஓடிவந்தாள். "நந்தினி அம்மாதான நீங்க? அவ மாதிரியே கீறீங்க. நான் மஞ்சு. ஊரு ஆரம்பாக்கம்."

மஞ்சு அவளைப் பின்பக்க மாடிப்படிக்கு அழைத்துப்போனாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் பத்துப் பெண்கள் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இங்கதாம்மா சாப்புடுவோம். கடையில நாற்காலி போட்டுகிறாங்க. ஆனா ஒக்காந்தா திட்டு வுழும்."

"பார்க்குனு சொன்னாளே?"

மஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கம்மாகிட்டயும் அப்டித்தான் சொல்லிகிறேன். ரெண்டு பேரும் பேசிவச்சுதான் சொன்னோம். நெசத்த சொன்னா வேலய வுட்டு வரச் சொல்லிடுவீங்கனு..."

தேவகி டப்பாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். தனக்கு இறங்கவில்லை. மஞ்சு சாப்பிடத் தொடங்கியதும் கேட்டாள்: "காய்ச்சலோடயும் நின்னாளா?"

"ரெண்டு நாளு" என்றாள் மஞ்சு.

"ஒனக்கு ஒடம்பு சுட்டா அன்னிக்கே ஒங்கம்மாவுக்குப் போன் போட்டுடணும். கேட்டுகினியா கண்ணு?"

மேலேயிருந்து யாரோ மஞ்சுவைப் பெயர் சொல்லிக் கத்தினார்கள். அவள் அவசரமாகக் கை கழுவிக்கொண்டு ஓடினாள். தேவகி படியில் உட்கார்ந்தாள். துணிமூட்டையோடு ஏறிவந்த ஆள், "கொஞ்சம் ஒதுங்கும்மா" என்றான். அவள் எழுந்து, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, மகள் போனதிலிருந்து வராத அழுகையை அழுதாள்.