நாலாவது குடுவை

கண்ணாடிக் குடுவையின் இரண்டு திருகுகளையும் திறந்து, பம்பை ஓடவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நான் பத்தடி தள்ளிப் போய் நிற்க வேண்டும். என் மூச்சு உள்ளே போனால் அளவு கெட்டுவிடும். ராகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து உச்சி மலையில், வியாழன் காலைகளில் எனக்கு இதுதான் வேலை. நிலக்ஷி காத்துப் பிடிக்கப் போறா என்று தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் கேலி செய்வார்கள். கடல் எவ்வளவு காபனீரொட்சைட்டு வாயுவை உறிஞ்சுகிறது என்று கணக்கிட, நீரில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் போதாது. கடலைத் தாண்டி வரும் காற்றில் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். நீரைக் கப்பல் அளக்கிறது. காற்றை நான் அனுப்புகிறேன்.

கடலை ஒரே ஒரு தடவை, பாடசாலைச் சுற்றுலாவில், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் காலித் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலில் நீர் மாதிரி எடுக்க ஒரு ஆள் தேவை. இந்த மாதத்து நாலு குடுவையும் சுத்தமாக வந்தால் அந்த இடம் எனக்கு என்று கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். மூன்று தேறிவிட்டன.

அம்மா பேச்சியம்மாவுக்கும் வயதாகி, இந்த மாதத்தோடு கொழுந்தெடுக்கும் வேலை முடிகிறது. அப்பா இல்லை. அண்ணன் சுமன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். வீட்டுப் பேச்சை எடுத்தாலே ஆள் வந்துவிட்டது என்று போனை வைத்துவிடுவான். வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்தில் பதிந்திருக்காவிட்டால் லயத்து வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கஜேந்திரன் ஐயா கெட்டவர் இல்லை. முதலாம் திகதி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பேரைக் கொடுத்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை தன்மையாகத்தான் சொன்னார். அந்தப் பிறகு யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. அம்மா மட்டும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இன்று நாலாவது குடுவை. கவ்வாத்து வெட்டித் துளிர்த்த மலையில் முதல் கொழுந்து எடுப்பதும் இன்றுதான். அப்படிப்பட்ட நாளில் மலைச்சாமிக் கல்லுக்குச் சூடம் கொளுத்தாமல் யாரும் செடியில் கை வைக்க மாட்டார்கள். அந்தக் கல்லோ, என் குடுவைக்குக் காற்று வரும் பக்கத்தில் இருக்கிறது. பம்பு நிற்கும்வரை பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று காலையிலேயே எல்லாரிடமும் கேட்டிருந்தேன். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் காத்தும் நின்றார்கள்.

ஏழாவது நிமிஷம் சூட வாசனை வந்தது.

கல்லின் முன்னால் அம்மா குந்தியிருந்தாள். மற்றப் பெண்கள் தள்ளி நின்று தரையைப் பார்த்தார்கள். ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினேன். வாரத்துக்கு ஒரு குடுவைதான் அனுப்புவார்கள். கையில் வேறு இல்லை.

“ஏம்மா?”

“நீ கப்பல் ஏறணும்னுதான் வேண்டிக்கிட்டேன்.”

“பொகை பட்டா கெட்டுப்போகும்னு சொன்னேன்ல?”

அம்மா சுடர் அணையாமல் இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டாள்.

“சொன்ன,” என்றாள்.

அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. நான் போக வேண்டும் என்று வேண்டியதும் உண்மை, போக முடியாமல் செய்ததும் உண்மை. ஒன்று மட்டும் என்றால் கத்தியிருப்பேன், அல்லது கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இரண்டும் என்பதால் குடுவையின் திருகுகளை மூடினேன்.

குடுவையோடு அனுப்பும் தாளில், அருகில் புகை இருந்ததா என்று ஒரு கட்டம் உண்டு. இல்லை என்று போடலாம். ஒருவேளை பிடிபடாமலும் போகலாம். அப்போது கடலின் கணக்கில் என் அம்மாவின் சூடமும் சேர்ந்துவிடும். ‘ஆம்’ என்று எழுதினேன்.

தூறல் போட ஆரம்பித்தது. பெண்கள் நிரைகளுக்குள் இறங்கிவிட்டார்கள். அம்மா எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்து புரியாது. கொழுந்தெடுக்கும்போது செடி கிழிக்காமல், மழை நனைக்காமல் இருக்கத் தன் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து, என் இடுப்பில் சுற்றத் தொடங்கினாள். அவள் முடிச்சுப் போட வசதியாக நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.