பல் டாக்டர் வீட்டுக் கார்புரேட்டர்

பல் டாக்டரின் பழைய காரிலிருந்து கழற்றிய கார்புரேட்டரைக் கழுவியபோது அதற்குள்ளிருந்து ஒரு காற்று வெளியே வந்து மெக்கானிக்கின் வீட்டிலேயே தங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் நடந்தது அது. தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை. இஞ்சினில் கை வைப்பதற்கு முன் கார்புரேட்டரைச் சுத்தம் செய்துவிடுவது அவர் வழக்கம். மிதவையை எடுத்து, கிண்ணத்தின் அடியில் பிசினாக உறைந்திருந்த பழைய பெட்ரோலைச் சுரண்டி, பெட்ரோல் பாயும் நுண்துளை கொண்ட பித்தளை ஜெட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்திருந்தார். ஊறியதும் ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார். காற்றடிக்கும் கம்ப்ரெஸர் சும்மா கிடக்கும், இவர் ஊதுவார். அதனால் ஊரில் அவருக்கு ஊதுகுழல் என்றே பெயர். அன்று பெரிய ஜெட்டை ஊதினார். அடைத்திருந்தது. மறுபடி ஊதினார். அது திருப்பி ஊதியது.

பெட்ரோலும் முகப்பவுடரும் கலந்த வாசனையோடு அந்தக் காற்று பட்டறையைக் கடந்து பின்கட்டு வீட்டுக்குள் போயிற்று. துளையில் இருந்த ஊசிமுனையளவு அழுக்கு மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் வாசல் பக்கமே சாய்ந்து நின்றன. கழற்றிப் போட்ட செருப்புகள் தாமாகத் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. தட்டில் வைத்த நட்டுகள் உருண்டு உருண்டு வாசற்படியில் போய்ச் சேர்ந்தன. பக்கத்து வீட்டில் காற்றே இல்லை. விசிறியைப் பழுது பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக்கின் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். வெட்டிய துணி பறக்காமலிருக்க முதலில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். பிறகு அவளையே பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் போயிற்று.

“உக்காரவே முடியலங்க. எங்கேயாவது போகணும்னு காலு துடிக்குது.”

“எங்க போகணும்?”

“அது தெரிஞ்சா போயிட்டு வந்துருக்க மாட்டேனா?”

அவர் கதவைத் தாழிட்டார். தாழ்ப்பாள் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு பிற்பகல் அவளைக் காணவில்லை. தேடிப் போனவர் பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தார். மடியில் பை, பைக்குள் ஒரு சீப்பும் மாற்றுப் புடவையும் கத்தரிக்கோலும். எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் எல்லா பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எங்கே போக ஆசை என்று அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது வழியில்தான் உறைத்தது.

மறுநாள் கார்புரேட்டரைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனார், வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட. கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி. மெக்கானிக்கின் சட்டையிலிருந்து வந்த வாசனையில் அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

“இது என்னோடது தம்பி,” என்றார். “ஒரு நாள் காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். கேட் வரைக்கும் வந்துச்சு, இருமிச்சு, நின்னுடுச்சு. இறங்கி உள்ள வந்து சமைச்சேன்.”

“ஏதாவது சண்டையாம்மா?”

“சண்டையெல்லாம் இல்ல. போகணும்னு இருந்துச்சு. நீங்க காரைச் சரி பண்ணிக் குடுங்க.”

பின்னால் நின்ற டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப்பேரின் பல்லைப் பிடுங்கியவர் அவர். அடுத்த நாள் காலை தனியாகப் பட்டறைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அந்த ஜெட்டுல கொஞ்சம் அழுக்கை அப்படியே விட்டுட முடியுமா?”

மெக்கானிக் ஜெட்டைக் கையில் எடுத்துப் புரட்டினார். அவருக்கும் அந்த யோசனை வராமலில்லை. உள்ளே தையல் மெஷின் மிதிக்கும் சத்தம் கேட்டது. துணி எதுவும் இல்லாமல் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

“விட்டா வண்டி ஓடாது டாக்டர். ஓடாத வண்டியைத்தான் இத்தனை வருஷம் வீட்டுல வச்சிருந்தீங்க.”

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மெக்கானிக் ஜெட்டை மறுபடி ஊறவைத்து, கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும் என்பதால் மூச்சடக்கி ஊதினார். முகம் சிவந்து கண்ணில் நீர் வந்தபோது அழுக்கு தெறித்தது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினார். துளை வழியாக டாக்டரும் பார்த்தார்.

கார் தயாரான அன்று அந்த அம்மாள் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். சாவியின் முதல் திருப்பலிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. மெக்கானிக்கின் மனைவி பையோடு வெளியே வந்து, “அக்கா, இடம் இருக்கா?” என்று கேட்டாள். கதவு திறந்தது. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கை தாழ்ப்பாளைத் தேடவில்லை, “தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?” என்று மட்டும் கேட்டார். பட்டறை கேட்டை டாக்டரே திறந்துவிட்டார். திரைச்சீலைகள் படபடத்து ஓய்ந்தன.

அதன்பின் இரண்டு ஆண்களும் பட்டறையில் எதிரெதிரே உட்காருவதும் எழுந்து தெருமுனை வரை போய் வருவதுமாக இருந்தார்கள். மழைக்காலம் முடியும்போது கார் திரும்பியது. இரண்டு பெண்களும் வெயிலில் கறுத்திருந்தார்கள். எங்கே போனீர்கள் என்றதற்கு, “நெறைய தூரம்,” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு முழுச் சட்டையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இப்போதெல்லாம் அந்த ஊரில் ஏதாவது ஒரு வீட்டில் மட்டும் காற்று எழுந்தால் அக்கம்பக்கத்தார் ஈரத்துணியைக் கொண்டுவந்து அங்கே காயப்போட்டுக்கொள்கிறார்கள். யார் கிளம்பப் போகிறார்கள் என்று கேட்டு, வழிக்குச் சாப்பாடும் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.