கூட்டுப்படைக்கு டீசல்

கஞ்சாக் கடத்தலைத் தடுக்க மாவட்டத்தில் காவல், வனம், வருவாய் மூன்று துறைகளும் சேர்ந்த ஒரு கூட்டுப்படை இருந்தது. ஜீப் வனத்துறையுடையது, டிரைவர் காவல்துறை ஆள். டீசலுக்கு மட்டும் ஆளில்லை. எந்தத் துறை காசு போடுவது என்று மூன்று துறைகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டே வருஷத்தை ஓட்டிவிட்டன. அடுத்து வரும் ஆட்சியர் கூட்டத்தில் இதற்கொரு முடிவு வராவிட்டால் படையையே கலைத்துவிடுவார்களாம். எஸ்.ஐ. சோபனாவுக்கு அதை விட மனசில்லை. படை அவள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வேலை.

கூட்டத்துக்கு முதல்நாள் காலை பாலக்கோட்டுக்கு வெளியே சோதனைச் சாவடியில் அவள் நின்றிருந்தாள். கூட வனக்காப்பாளர் மாது, வருவாய் ஆய்வாளர் மதியழகன். டீசல் இல்லாத ஜீப் புளியமரத்தடியில் சுகமாகத் தூங்கியது. தக்காளி ஏற்றிய வெளிமாநில மினி லாரி ஒன்று கைகாட்டியும் நிற்காமல் ஊரைப் பார்த்துப் பறந்தது.

"மார்க்கெட்டுக்கு லேட்டாயிருச்சாட்டம் இருக்குதுங்க மேடம்," என்றார் மதியழகன்.

தக்காளித் தோட்டத்தில் வளர்ந்த சோபனா விடவில்லை. "வெல இல்லாம நம்மூருல தக்காளிய மாட்டுக்குக் கொட்டறாங்க. இந்த நேரத்துல வெளியூருலருந்து எவனாவது இங்க கொண்டாருவானுங்களா சார்? உள்ள வேற சரக்கு இருக்குது!"

பின்னாலேயே டவுன் பஸ் வந்தது. மூவரும் தாவி ஏறினார்கள். விஷயம் தெரிந்ததும் பயணிகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எந்த ஸ்டாப்பும் வேணாங்க, வுடுங்க டிரைவர்!" என்று பஸ்ஸே கத்தியது. ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் கேட், பின்னால் பஸ், நடுவில் மினி லாரி திருதிருவென்று முழித்தது. தக்காளிப் பெட்டிகளுக்கு அடியில் மூட்டை மூட்டையாகக் கஞ்சா.

மறுநாள் கூட்டத்தில் ஆட்சியர் கேட்டார்: "எந்த வண்டியில போய்ப் புடிச்சீங்க?"

"டவுன் பஸ்ஸுலங்க சார். லேடீஸுங்கறதால எனக்கு ஃப்ரீ. இவங்க ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்தாங்க."

அரங்கமே சிரித்தது. "அப்ப டீசலே தேவையில்லீங்களே," என்று கணக்கு அதிகாரி வாயைத் திறந்தார். ஆட்சியர் பார்த்த பார்வையில் உடனே மூடிக்கொண்டார். நேற்றுவரை கையை விரித்த மூன்று துறைத் தலைவர்களும் இப்போது, "நாங்க தர்றோம் சார்," என்று முண்டியடித்தார்கள்.

"யாரும் தர வேண்டாம். படை பேருலயே தனி நிதி ஒதுக்கறேன். ஆளுங்க இவங்களே இருக்கட்டும்," என்றார் ஆட்சியர்.

மாது, இடம் பொருள் பார்க்காமல், இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். அரங்கம் கப்பென்று அடங்கியது. கண்டிக்க வேண்டிய சோபனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னொருக்கா அடிங்க மாதண்ணா."