நகலெடுக்கும் வரி

1

அறுபத்தொரு நாளாக இந்தக் கதையை எழுதுகிறேன். அக்கா வேலையை விட்டும் அறுபத்தொரு நாள். (உடன்பிறந்தவர் அல்லர், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி.)

முதல் தொடக்கம்: ‘ஒரு கணினிக்குள் பல கணினிகள் குடியிருந்தன.’ குழந்தைக் கதைபோல இருந்தது, அடித்துவிட்டேன். ஆனால் எங்கள் வேலை அதுதான். உள்ளே குடியிருக்கும் பொய்க் கணினியை விருந்தாளி என்போம். அது ஹார்ட் டிஸ்க் என்று நம்புவது எங்கள் நிரலை. ‘இத்தனை பைட் எழுது’ என்று ஓர் எண் தரும். அளவு பார்க்காமல் எழுதினால், விருந்தாளிகளைப் பிரிக்கும் எங்கள் சுவர் உடையும்.

“விருந்தாளிய நல்லா கவனி. பீரோ சாவிய மட்டும் கைல குடுத்துடாத,” என்பார் அக்கா.

2

அந்த எண் இருப்பது விருந்தாளியின் நினைவகத்தில். நாம் சரிபார்த்த மறுகணமே அது எண்ணை மாற்றலாம். அதனால் முதலில் நம் பக்கம் நகலெடுத்து, நகலைச் சரிபார்த்து, நகலையே பயன்படுத்த வேண்டும். நகலெடுக்கும் வரியை அக்கா எழுதியிருந்தார். ஒரு நாள் அது இல்லை. அந்த வழியாக எவனோ நுழைந்து, பக்கத்துக் குடித்தனத்தின் கோப்புகளை அள்ளிப் போனான்.

நிரல் மாற்றப் பதிவில் அக்காவின் பெயர் இருந்தது.

[அந்த வரியை நீக்கியது —]

3

விசாரணையில் அக்கா பதிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாபகமே இல்ல சார். ஆனா என் பேர்தான இருக்கு. நான்தான் செஞ்சிருப்பேன்.”

பிறகு கைகழுவும் இடத்தில் என்னிடம்: “அம்மாவுக்கும் இப்படித்தாண்டி ஆரம்பிச்சுது. மொதல்ல அடுப்ப அணைச்சமான்னு தெரியல. கடைசில என்னையே தெரியல.”

“அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா,” என்றேன்.

(அதில் பொய்யே இல்லை. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வாக்கியத்தை நான் எழுதியதில்லை.)

4

முடிவு அ: நிரலைத் தொகுக்கும் கருவியே வரியை விழுங்கிவிட்டது.

முடிவு ஆ: எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர்.

முடிவு இ: அக்காவேதான், மறதிதான்.

மூன்றிலும் நடை நன்றாக வந்தது. பயமாக இருந்தது.

இன்று காலை அவரே அழைத்தார்.

“வீட்டுல எல்லா சுவிட்சுக்கும் சீட்டு ஒட்டிட்டேன். சிரிக்காதடி. வியாழக்கிழமை தலைக்கு ஸ்கேன். கூட வர்றியா?”

நான் சொன்னதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுத மாட்டேன். அந்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

“ஸ்கேன் வேணாம்க்கா. உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்கு நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. ஒரே நம்பர எதுக்கு ரெண்டு எடத்துல வெக்கணும்னு நெனச்சேன். உங்க சிஸ்டத்துல உக்காந்து அந்த வரிய எடுத்தது நான்தான்.”