ஒரு பிள்ளை குறைந்த வகுப்பு

பிசிக்ஸ் படிப்பித்த பிரதீப்குமார் ஆண்டின் நடுவில் வேலையை விட்டுவிட்டுப் போனார். தூரத்துக்குப் போகவில்லை. கிரான்பர்னில் நெடுஞ்சாலைக்கு மறுபக்கம், 'கல்லூரி' என்று பெயர் வைத்திருந்த தனியார் பள்ளிக்கூடத்துக்குத்தான். போகிற அன்று ஆசிரியர் அறையில் சிவகௌரியிடம், "கோவிச்சுக்காதீங்க. அங்க லேப்புக்குன்னு தனியா ஆள் இருக்காங்க. இங்க வயர் ஒட்டுறதுலயே பாதி பாடம் போயிடுது" என்றார்.

சிவகௌரி கோபிக்கவில்லை. அதே அரசாங்கப் பள்ளியில் அவள் கெமிஸ்ட்ரி ஆசிரியை. தற்காலிகமாகக் கொண்டுவந்து இறக்கிய போர்ட்டபிள் வகுப்பறையில், ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளியை வைத்துவிட்டுப் பாடம் நடத்துகிறவள். அவர் சொன்னது அவளுக்குத் தெரியாததல்ல.

அவர் போன பிறகு அந்த வகுப்புக்கு யார் யாரோ வந்தார்கள். ஒரு கிழமை விளையாட்டு ஆசிரியர். அடுத்த கிழமை ஏஜென்சி அனுப்பிய ஒருவர், பிள்ளைகளுக்கு வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டுத் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பில் பிசிக்ஸ் எடுத்த பிள்ளைகளில் சிவகௌரியின் மகன் லக்சனும் ஒருவன். ராதாவின் மகள் ஹரிப்பிரியா இன்னொருத்தி.

ராதா ஈரோட்டுக்காரி. முதியோர் இல்லமொன்றில் நர்ஸாக இருந்தாள். பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போய்வந்த காலத்தில் கார் நிறுத்துமிடத்தில் பேசிப் பழகிய சிநேகம். ஒருநாள் ராதா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, அந்தக் காலேஜ்ல ஹரிக்கு சீட் கிடைச்சிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். இங்க டீச்சரே இல்லாம எப்படிக்கா?"

சிவகௌரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராதா, அக்கறையுள்ள தாய் தகப்பன் எல்லாரும் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போனால், இந்தப் பள்ளிக்கூடத்துக்காக ஆர் வாய் திறக்கிறது? அந்தக் கல்லூரிக்கும் எங்கட வரிக்காசுதான் போகுது. எங்களுக்குச் சேரவேண்டியதை மட்டும் வருசா வருசம் பிறகு பாப்பம் எண்டு தள்ளுறாங்கள். நாங்கள் நிண்டால்தான் கேக்கலாம். ஹரியை நான் பாத்துக்கொள்ளுறன். என்ட லக்சனும் இஞ்சைதான் படிப்பான்."

அந்தக் கடைசி வார்த்தைதான் ராதாவைத் திருப்பியது. வெள்ளிக்கிழமை அவள் அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு இருவரும் சும்மா இருக்கவில்லை. மாநில நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். கன்பராவிலுள்ள மத்திய அரசுதான் கூடுதலாகப் பணம் தரவேண்டும் என்றார். மத்திய உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த இளம்பெண், பள்ளிக்கூடங்கள் மாநிலத்தின் பொறுப்பு என்றாள். இரண்டு இடத்திலும் தேத்தண்ணி தந்தார்கள், படியிறங்கும்வரை வந்து வழியனுப்பினார்கள். ஒருவரும் கெட்டவர்களாக இல்லை. சண்டை பிடிக்கவும் ஆள் இல்லாமல் இருவரும் காருக்குத் திரும்பினார்கள்.

ஒரு சனிக்கிழமை, அரசாங்கப் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி கேட்டு நகரத்தில் ஆசிரியர் சங்கப் பேரணி நடந்தது. சிவகௌரி சங்கத்தின் சிவப்பு ரீசேட் போட்டுக்கொண்டு, ராதாவையும் கூட்டிக்கொண்டு ரயிலில் போனாள். மழை தூறியது. தொண்டை கட்டும்வரை கத்தினாள். நெடுநாளைக்குப் பிறகு மனம் லேசாகி, வீட்டுக்கு வந்து குசினியில் கேத்திலைப் போட்டபோது, கணவர் நித்தியானந்தன் வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கௌரி, கோவிக்காமல் கேளும். இண்டைக்கு லக்சனைக் கொண்டுபோய் ஸ்கொலஷிப் சோதினைக்கு விட்டனான்."

"எந்த ஸ்கொலஷிப்?"

அவர் நெடுஞ்சாலைக்கு அப்பால் கல்லூரி இருந்த பக்கமாகத் தலையை ஆட்டினார்.

அவள் கேத்திலை நிறுத்தவில்லை. அது கொதித்துத் தானாகவே நின்றது. "நான் ரோட்டில நிண்டு கத்திக்கொண்டு நிக்க, நீங்கள் பிள்ளையை அங்கை கொண்டுபோய் விட்டிருக்கிறியள்."

"ஓம். சொன்னால் நீர் விட்டிருக்க மாட்டீர்."

"ராதாவுக்கு நான் வாக்குக் குடுத்தனான்."

"வாக்குக் குடுத்தது நீர். படிக்கப்போறது அவன்." நித்தியானந்தன் குரலை உயர்த்துகிறவர் அல்ல. அன்றும் உயர்த்தவில்லை. "இஞ்சை பாரும், சண்டைக் காலத்தில நாங்கள் மரத்துக்குக் கீழை இருந்து படிச்சனாங்கள். கணக்கு வாத்தியார் ஒருநாள் வரேல்லை, பிறகு வரவேயில்லை. வாத்தி இல்லாத வகுப்பில இருக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். அதைத் தாண்டத்தான் கடல் கடந்து வந்தனான். திரும்பவும் அதையே என்ட பிள்ளைக்குக் குடுக்க என்னால ஏலாது."

சிவகௌரி மகனிடம் போனாள். அவன் ஒருவேளை மாட்டேன் என்பான் என்று அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. லக்சன் கட்டிலில் இருந்தபடியே ஹெட்போனைக் கழற்றினான். அவனுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது போலும், ஹெட்போன் வயரை விரலில் சுற்றினான். பிறகு, "ஐ ஜஸ்ட் வாண்ட் எ டீச்சர், அம்மா" என்றான்.

ஒரு ஆசிரியையிடம் அதைவிட நியாயமான கோரிக்கையைப் பிள்ளை வைக்கமுடியுமா? அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. வேண்டாமென்று சொல்லச் சிவகௌரிக்கு உரிமை இருந்தது. இரண்டு நாள் அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் தானே சீருடை வாங்க அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ராதாவிடம் வேறு யாரும் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். அதற்கும் முன்னால் ஏதாவது ஒரு வழி கண்டுவிட்டுச் சொன்னால் நல்லது என்று கல்லூரிக்குப் போன் பண்ணி, ஹரிப்பிரியா விட்ட இடம் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தாள். "அது அன்றைக்கே போய்விட்டது" என்று அங்கிருந்தவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

இதற்குள் தலைமையாசிரியை ஹெலன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்புக்குப் பிசிக்ஸ் எடுக்க இருந்த பிள்ளைகள் ஏற்கனவே மட்டுமட்டு. லக்சனும் போய்விட்டால், வகுப்பு நடத்தத் தேவையான ஆட்களில் ஒரு பிள்ளை குறைகிறது. ஆசிரியரும் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே வகுப்பு இல்லை. விரும்பிய பிள்ளைகள் ஒன்லைனில் படிக்கலாம், நூலகத்தில் இடம் ஒதுக்கித் தரலாம்.

"நான் எடுக்கிறேன், ஹெலன். மதிய இடைவேளையில் எடுக்கிறேன்" என்றாள் சிவகௌரி.

ஹெலன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். "உனக்கு ஏற்கனவே எத்தனை வகுப்பு என்று எனக்குத் தெரியும். உன்னையும் இழக்க என்னால் முடியாது" என்றாள். அவள் லக்சனைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே சிவகௌரி ராதா வீட்டுக்குப் போனாள். வேலை முடிந்து வந்த சீருடையோடு ராதா கதவைத் திறந்தாள். உட்காருவதற்கு முன்னரே சிவகௌரி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்: லக்சன் போவது, வகுப்பு நிற்பது, கல்லூரியில் இடம் இல்லாதது.

ராதா சீருடையிலிருந்த பெயர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நீங்க சொன்னதுனாலதானே அக்கா விட்டோம்" என்றாள்.

"ஓம்."

"உங்க பையன் இருக்கான்னு சொன்னீங்க. அத நம்பித்தான்..."

"ஓம், ராதா. நான் அப்பிடித்தான் நினைச்சனான்."

"நீங்க பொய் சொன்னீங்கன்னு சொல்ல வரல." என்றாள் ராதா. "எம் பொண்ணுக்கு சீட் கிடைச்சு, நானே அத வேணாம்னு சொன்னேன். அத அவகிட்ட எப்படிக்கா சொல்லுவேன்?"

தன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் சிவகௌரி வந்திருந்தாள். திட்டுக்குப் பதில் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கலாம். இதற்கு இரண்டும் உதவாது. "சனிக்கிழமையளில நான் வீட்டை வந்து பிசிக்ஸ் சொல்லிக்குடுக்கிறன்" என்றாள்.

"பரவால்லக்கா. உங்களுக்கே ஆயிரம் வேலை இருக்கும்." ராதா எழுந்து கதவருகே போனாள். கோபமில்லாமல், மிகவும் மரியாதையாகத்தான் வழியனுப்பினாள். அதற்குப் பிறகு அவள் போன் எடுப்பதில்லை. கோயிலில் கண்டால் சிரிப்பாள், நலம் விசாரிப்பாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தப்பக்கம் போய்விடுவாள்.

புது ஆண்டு தொடங்கியது. லக்சன் புதுப் பள்ளியில் நன்றாகவே ஒட்டிக்கொண்டான். பின்னேரங்களில் குசினிக்கு வந்து, பிரதீப்குமார் சார் லேசர் வைத்துச் செய்துகாட்டியதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் பற்றி வாய் திறக்காத பிள்ளை. அதைக் கேட்கச் சிவகௌரிக்குச் சந்தோசம் பொங்கும். பொங்கிய மறுகணமே ஹரிப்பிரியாவின் ஞாபகம் வரும். நித்தியானந்தன் அவளைப் பார்த்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவுவார்.

ஹரிப்பிரியா நூலகத்தின் மூலையில் திரைக்கு முன் தனியாக இருந்து பிசிக்ஸ் படித்தாள். படம் அடிக்கடி உறைந்துவிடும். அவள் கன்னத்தில் கையூன்றிக் காத்திருப்பாள். இரண்டாம் தவணையில் அந்தப் பாடத்தைக் கைவிட்டாள். எஞ்சினியரிங் வேண்டாம், வேறு ஏதாவது பார்க்கலாம் என்று மற்றப் பிள்ளைகளிடம் சொன்னதாகச் சிவகௌரி கேள்விப்பட்டாள்.

கெமிஸ்ட்ரி வகுப்புக்கு மட்டும் அவள் தவறாமல் வந்தாள். முன்வரிசையில்தான் இருப்பாள். அவள் முகத்தில் கோபத்தின் சாயலைச் சிவகௌரி தேடித்தேடிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. ஒருநாள் மணியடித்து மற்றவர்கள் போன பிறகு அவள் மேசையடிக்கு வந்து நின்றாள்.

"மிஸ், நெக்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி இருக்கும்தானே?"

சிவகௌரி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டுக்கான பிள்ளைகளின் எண்ணிக்கையை ஹெலன் இன்னும் சொல்லவில்லை. ஓம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அந்தப் பிள்ளை நம்புவாள் என்பதும் தெரிந்தது.

"தெரியேல்லையம்மா" என்றாள்.

ஹரிப்பிரியா தலையை ஆட்டினாள். புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போர்ட்டபிளின் இரும்புப் படிகளில் இறங்கிப் போனாள்.