வாய் திறக்காத கீதம்

தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டும், ஆனால் பாடக்கூடாது என்பதை மாமனாருக்குப் புரியவைக்க முடியாமல் ஃபோல்க்மார் ஆலை உணவுக்கூட வாசலில் வேர்த்துக்கொண்டிருந்தான்.

"பாட்ட மாத்திட்டாங்களா?" என்றார் எர்வின். பல வருடங்களுக்குப் பிறகு இப்போதுதான் கோழிப்பண்ணையை விட்டு ஒரு விழாவுக்கு வந்திருக்கிறார்.

"இல்ல மாமா, அதேதான்."

"தடையா?"

"அதுவும் இல்ல. யாரும் பாடறதில்ல, அவ்ளோதான்."

"ஏன், ஊருக்கே தொண்டை கட்டிருச்சா?"

கிழக்கு ஜெர்மனிக்கு அன்று முப்பது வயது. கீதம் எழுதிய காலத்தில் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாக வேண்டும் என்பது அரசின் கொள்கை. ஆகவே பாட்டிலும் அப்படி ஒரு வரி. பள்ளிப்பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். பிறகு நடுவே சுவர் வந்தது, கொள்கை மாறியது. வரியை வெட்டினால் ஏன் என்று கேட்பார்கள். எனவே வெட்டவில்லை, பாடுவதை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வாசித்தார்கள். பாடாதே என்று உத்தரவு ஏதும் இல்லை. உத்தரவு இல்லாததை மீறினால் என்ன தண்டனை என்றும் தெரியாது.

அதுதான் ஃபோல்க்மாரின் பயம். மகள் ஆன்கே ஒரு வருடமாக இதே ஆலையில் நூல் சுற்றுகிறாள். அவளுடைய மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் கட்சிச் செயலாளர் ரோஸ்லர் நாளை கையெழுத்திட வேண்டும். மாமனாருக்குக் கிடைத்த நாற்காலியோ ரோஸ்லருக்குப் பக்கத்தில்.

ஆலை இசைக்குழுவில் ஃபோல்க்மார் ட்யூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுபவன். கீதம் தொடங்கியது. நான்காவது சுரத்தில் மாமனாரின் வாய் திறந்தது. சைகை காட்டக் கை இல்லை, கத்த வாய் இல்லை. இருந்ததெல்லாம் காற்றுதான், குரலை அமுக்கிவிடலாம் என்று ஊதித் தள்ளினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இது தேசப்பற்றின் வேகம் என்று நினைத்துக்கொண்ட இசைக்குழுத் தலைவர், மற்றவர்களையும் ஓங்கி வாசிக்கச் சொல்லிக் கையை உயர்த்தினார்.

பிழைத்தோம் என்று ஃபோல்க்மார் நினைத்தபோது மெட்டு முடிந்தது. காது மந்தமான எர்வினுக்கு அது தெரியவில்லை. அமைதியான கூடத்தில், கோழிகளைக் கூப்பிட்டுப் பழகிய குரலில், இன்னொரு சரணத்தைத் தொடங்கினார்.

ரோஸ்லர் அவர் பக்கம் சாய்ந்தார்.

"அது மூணாவது சரணம் பெரியவரே. ரெண்டாவத விட்டுட்டீங்க."

கூடம் முழுக்கக் கேட்டது. ஒரு கணம் கழித்து, தான் சொன்னது ரோஸ்லருக்கே கேட்டது. முகம் வெளிறியது. யார் யார் கேட்டார்கள் என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த அவர் கண்கள், மேடையில் ஃபோல்க்மாரிடம் வந்து நின்றன. அவன் ட்யூபாவை வாயிலிருந்து எடுக்கவில்லை. மூச்சு விட்டால் சத்தம் வந்துவிடும் என்று, இரண்டு கன்னமும் உப்பியபடி, அவரையே பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.